ஏழாம் பெட் அட்டெண்டர் யாரு?

ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளே நோயாளி, வெளியே குடும்பம். இரண்டுக்கும் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் செவிலியர். அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

கதவு ஒரு சாண் திறக்கும். பச்சை உடுப்பு, முகக்கவசம், இரண்டு கண்கள். "ஏழாம் பெட் அட்டெண்டர் யாரு?"

வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து உட்காருவார்கள். தங்கள் நம்பர் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி சாய்வார்கள். ஏழாம் பெட் நாங்கள்தான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்து, அப்பா உள்ளே போய் நாலு நாள் ஆகியிருந்தது. படுத்த இடத்திலிருந்து கதவுக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள், பெரியப்பாவுக்கு யார் போன் போடுவது, அம்மாவை ஊரிலிருந்து யார் கூட்டி வருவது, வாசலில் பந்தல் போட இடம் போதுமா என்பது வரைக்கும் மனசு போய் வந்துவிட்டது.

"பேம்பர்ஸ் ஒரு பாக்கெட், கிளவுஸ் ஒரு பாக்ஸ் வாங்கிட்டு வந்துடுங்கண்ணா."

அவ்வளவுதான். சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் படியிறங்கும்போதுதான் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. 11 நாளில் இப்படி எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே பந்தல், அதே பெரியப்பா. "ஏழாம் பெட், மருந்து வாங்கணும்" என்று கூடவே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

செவிலியர் அறம் என்று பேச்செடுத்தால் கருணைக்கொலை, உறுப்பு தானம் என்று பெரிய விவகாரங்களுக்குப் போய்விடுகிறோம். அவற்றுக்கும் வருகிறேன். எனக்கு அது அந்தக் கூப்பாட்டில் தொடங்குகிறது.

ராத்திரி இரண்டு மணிக் கேள்வி

பெரிய டாக்டர் காலை 11 மணிக்கு ஒரு தடவை பேசுவார். குடும்பத்துக்கு ஐந்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் கேள்வி சிஸ்டரிடம்தான் போகும். அதிலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். பகலில் "கிரியாட்டினின் எவ்வளவு?" என்று கேட்ட அதே மகன், ராத்திரியில் "எங்கப்பா பொழைச்சிருவாரா சிஸ்டர்?" என்பான்.

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "டாக்டரைக் கேளுங்க." இன்னொன்று, "ஒண்ணும் ஆகாதுண்ணா, சாமியைக் கும்பிடுங்க, சரியாயிரும்." முதலாவது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது, கையில் இல்லாத பணத்துக்கு எழுதிக் கொடுக்கிற செக். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். அன்போடு சொல்வதால் அதை நம்பிவிடுகிறோம். நம்பிக்கொண்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லாமல் இருந்துவிடுகிறோம்.

நோயின் பெயரையும் போக்கையும் சொல்வது மருத்துவர் பொறுப்பு. செவிலியர் முந்திக்கொண்டு அறிவிக்கக் கூடாது. பயிற்சியிலேயே இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அதே சமயம், சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953இல் கொண்டுவந்து 2021 வரை திருத்தி வந்திருக்கும் நெறிமுறை, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரிகிற விதத்தில் தகவல் கிடைக்கச் செய்வது செவிலியர் கடமை என்கிறது. சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. இந்த இடுக்கில்தான் ராத்திரி ஷிப்ட் நிற்கிறது.

என் பெரியம்மா மகள் 19 வருடமாக ஐ.சி.யூ.வில் செவிலியர். "என் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வரக்கூடாது" என்ற நிபந்தனையோடு ஒரு நாள் முழுக்கப் பேசினார். "நான் சொன்னா, 'நீ யாரு சொல்றதுக்கு?'ன்னு டாக்டர் கேப்பாரு. சொல்லலைன்னா, 'எதை மறைக்கிறீங்க?'ன்னு இவங்க கேப்பாங்க. மொதல்ல ரெண்டு பேருக்கும் பயந்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு கணக்குப் புடிபட்டுச்சு. நாள் கணக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனா என் கையால செஞ்சதைச் சொல்றதுக்கு எவன் அனுமதி வேணும்? 'இப்பதான் சளி உறிஞ்சி எடுத்தேன், பொரட்டிப் படுக்க வச்சேன், முதுகுல புண்ணு இல்ல, வலிக்கு மருந்து ஓடிக்கிட்டிருக்கு.' இதைக் கேட்டாலே பாதிப் பேருக்கு மூச்சு வரும்."

அக்காவின் கணக்கில் இன்னொரு பகுதியும் உண்டு. பதில் சொல்வதற்கு முன் அவர் ஒன்று கேட்பார்: "காலையில டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?" கெட்ட செய்தி சொல்வதற்கு என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க, கனடா மருத்துவர்கள் வகுத்த ஆறு படிமுறை ஒன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அதில் இரண்டாவது படி இதுதான். அக்கா அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டார்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் கையேட்டில், வெற்று நம்பிக்கை வார்த்தைகளையும் இலவச ஆலோசனைகளையும் சாடுவதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியைப் பார்க்க வந்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அடித்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள் மீது அவருக்கு அப்படியொரு எரிச்சல். விளக்கேந்திய சீமாட்டி என்று படம் மாட்டுகிறோம், அந்த அத்தியாயத்தை யாரும் மாட்டுவதில்லை.

"பிரஷர் நார்மல்"

எட்டாம் நாள், "அப்பா எப்படி இருக்காரு?" என்று நான் கேட்டேன். பகல் ஷிப்ட் சிஸ்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரஷர் நார்மலா இருக்குண்ணா, 110க்கு 70." பொய் இல்லை. திரையில் அந்த எண்தான் இருந்தது. நான் வெளியே ஓடிவந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "பிரஷர் நார்மல் ஆயிருச்சாம், நீ வர வேணாம், அலையாதே" என்றேன்.

அப்பாவின் தலைமாட்டில் இரண்டு சிரிஞ்ச் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைக்கிற மருந்துகள். அந்த 110, அப்பாவின் இதயம் தானாகக் கொடுத்தது இல்லை. மருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்தது. முதல் நாள் ஒரு பம்ப். எட்டாம் நாள் இரண்டு, அளவும் கூடியிருந்தது. எண் மாறாமலே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. சொன்னது உண்மை, போய்ச் சேர்ந்தது பொய்.

இந்த இடத்தில்தான் ஐ.சி.யூ. பேச்சின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. "ஸ்டேபிள்" என்றால் அவர்கள் அகராதியில் 'நேற்று எவ்வளவு மோசமோ இன்றும் அவ்வளவே'. நம் காதில் அது 'தேறி வருகிறார்'. "மருந்துக்கு உடம்பு ஒத்துழைக்கலை" என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். நமக்கோ ஏதோ நோயாளி அடம்பிடிப்பது போலிருக்கிறது. "கண்ணு தொறந்தாரு" என்பதும் அப்படித்தான். இமை திறப்பதும் ஆளைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதைக் கூடவே சொல்லாவிட்டால் ஒரு குடும்பமே அந்த இமையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். சினிமா டாக்டரின் "24 மணி நேரம் கழிச்சுதான் சொல்ல முடியும்" எவ்வளவோ தேவலை. அவராவது தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி வேறொரு சிஸ்டர். இருபத்தைந்து வயது இருக்கும். அதே கேள்வியைக் கேட்டேன். அவர் மானிட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணா, பிரஷர் நிக்கிறதுக்கு ரெண்டு மருந்து முழு அளவுல ஓடுது. இன்னிக்கு யூரின் ரொம்பக் கம்மி. இது என்னன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, 'பொழைப்பாரா, மாட்டாரா'ன்னே கேளுங்க. அவரு வந்ததும் நீங்க பேசணும்னு நான் எழுதி வச்சுட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா ஊர்லயா இருக்காங்க? காலையில வரச் சொல்லிருங்கண்ணா" என்றார்.

அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நாள் குறிக்கவில்லை. வரம்பை ஓர் அங்குலம்கூடத் தாண்டவில்லை. அம்மா காலை ஆறு மணி பஸ்ஸில் வந்தார். இரண்டு நாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

குடும்பங்களுக்குப் புரிவதில்லை என்பது ஆய்விலும் வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான, பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வு, மருத்துவர் பேசி முடித்த பிறகு உறவினர்களிடம் போய், என்ன நோய், என்ன சிகிச்சை, நிலைமை என்ன என்று கேட்டது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று விளங்கியிருக்கவில்லை. அதே நாட்டில் 22 ஐ.சி.யூ.க்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2007இல் வந்தது. மரணத் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சந்திப்பு. மறுபாதிக்கு, குடும்பத்தைப் பேசவிட்டுக் கேட்பதற்கு முறை வகுத்த சந்திப்பு. கூடவே துக்கத்தைப் பற்றிய சிறு கையேடு. வழக்கமான சந்திப்பு 20 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 5 நிமிடம். மற்றது 30 நிமிடம், குடும்பம் பேசியது 14 நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவிடப்பட்டவர்களிடம் மன அதிர்ச்சி, பதற்றம், மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

புது மருந்து இல்லை, புது மிஷின் இல்லை. பத்து நிமிடம்.

யாரிடம் சொல்வது என்பது தனிக் கதை. நம் ஊரில் ஒரு நோயாளிக்கு ஒரு குடும்பம் மட்டும் இருப்பதில்லை. துபாயிலிருந்து தம்பி போன் போடுவார், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தனியாக வந்து கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் பழத்தோடு வந்து "என்ன வியாதியாம்?" என்பார். போனில் யார் கேட்டாலும் எதுவும் சொல்லாதே என்பது சரியான விதி. எச்.ஐ.வி. இருந்தால் அது சட்டமே. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. முதல் நாளே "உங்க வீட்ல யார்கிட்ட நாங்க பேசணும்?" என்று கேட்டு ஒரு பெயரையும் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதினால் பாதி வம்பு தீரும்.

கொரோனா காலத்தில் இந்தக் கேள்விகளெல்லாம் செல்போன் திரைக்குள் வந்தன. 2021 மே மாதம், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள். உள்ளே யாரையும் விடவில்லை. அக்கா கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே நோயாளிகளின் முகத்தை வீடியோ காலில் காட்டியிருக்கிறார். "காட்டுறதுக்கு முன்னாடி வாயைத் தொடைப்பேன், தலையைச் சீவி விடுவேன். டியூப்பை மட்டும் மறைக்க மாட்டேன். சில பேரு கேமராவைத் திருப்பி டியூப் தெரியாம காட்டுவாங்க. பாவம், பயந்துருவாங்கன்னு. நாளைக்கு ஒண்ணுன்னா, 'நேத்து நல்லாத்தானே இருந்தாரு'ன்னு கேப்பாங்கல்ல?" தலை சீவுவது மரியாதை, டியூப்பை மறைப்பது ஏமாற்று. இந்தக் கோட்டை இவ்வளவு துல்லியமாகக் கிழித்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

செத்தும் துடிக்கிற இதயம்

மிகக் கடினமான பேச்சு மூளைச்சாவுதான். அந்தச் சொல்லே குடும்பத்தைக் குழப்புகிறது. முன்னால் 'மூளை' என்று ஒட்டியிருப்பதால், மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது போலக் கேட்கிறது. போதாததற்கு நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மானிட்டரில் இதயம் துடிக்கிறது. தண்டுவட அனிச்சையால் கை காலே அசையலாம். "அசைஞ்சுச்சே சிஸ்டர்!" என்று மனைவி கத்தும்போது பக்கத்தில் நிற்பவர் செவிலியர்தான்.

1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்து உறுதி செய்தால் அது மரணம். முக்கால் மரணம், முழு மரணம் என்று சட்டத்தில் வகை இல்லை. ஆகவே, "இன்னும் உயிர் இருக்கு, ஆனா பிரயோஜனமில்ல" என்று ஆறுதலுக்காகச் சொல்லும் சிஸ்டர் பெரிய தீங்கு செய்துவிடுகிறார். அதன் பிறகு வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதிக்கிற மகன், அப்பாவைத் தானே கொன்றதாகக் காலம் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பான்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததும், இதயத்தைக் கொண்டுபோக சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுப் பேச்சானது அப்போதுதான். 2023 செப்டம்பரில் தானம் தருபவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் அறிவிக்கப்பட்டது. ஹிதேந்திரனின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள் என்பதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற குடும்பங்களுக்கு வேண்டும். இறந்துவிட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன் தானப் பேச்சை எடுப்பது, வீட்டில் ஆள் சாகும் முன்னே பாடைக்கு அளவெடுப்பது போல. அந்தப் பேச்சுக்குத் தனியாக ஒருங்கிணைப்பாளரை வைத்திருப்பதே இதற்காகத்தான்.

"ஆலோசனையை மீறி"

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெட் தள்ளி ஒரு பெரியவர். சிவகங்கைப் பக்கம். டாக்டர் அவர் மகன்களிடம் பேசியதைக் கேட்டேன்: "இனிமே வச்சிருந்து பிரயோஜனமில்ல. பணமும் போகும். வீட்டுக்குக் கொண்டு போயிடுறது நல்லது." சாயங்காலம் சிஸ்டர் ஒரு படிவத்தை நீட்டினார். மருத்துவ ஆலோசனையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம். மூத்த மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "டாக்டர்தானம்மா கொண்டு போகச் சொன்னாரு?" என்றார். சிஸ்டர் பதில் சொல்லவில்லை. பெருக்கல் குறி போட்ட இடத்தைப் பேனாவால் காட்டினார்.

பிறகு ஆம்புலன்ஸ். ஓர் ஊழியர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு கூடவே போனார். வீட்டில் பால் ஊற்றிய பிறகு டியூப்பை எடுப்பார்கள். மருத்துவமனைகளுக்கு இது அன்றாடம். ஐ.சி.யூ.க்களில் மரணங்கள் நடக்கும் விதங்களில் இதுவும் ஒன்று, காகிதத்தில் மட்டும் அது மரணம் இல்லை, டிஸ்சார்ஜ். அந்தக் காகிதத்தில் உள்ள பொய்க்குக் கையெழுத்து வாங்குவது செவிலியரின் வேலையாக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அறமீறல் என்றே சொல்வேன். மீறியது சிஸ்டர் அல்ல.

சட்டம் வழி விடவில்லையா? விட்டிருக்கிறது. அந்த வழி தொடங்கியதே ஒரு செவிலியரின் படுக்கையில்தான். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 இரவு அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளரால் தாக்கப்பட்டு, மூளை சேதமடைந்து, 2015 மே 18 வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரை விடுவிக்கக் கேட்டு எழுத்தாளர் பிங்கி விராணி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. கூடவே, உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்ற கதவையும் திறந்தது. அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? அத்தனை வருடம் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது நீதிமன்றம். அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள்.

அந்த முடிவு சரியா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு விட மனசு வராது. செவிலியரின் சொந்த ஆசை குடும்பத்திடம் நம்பிக்கையாகக் கசிவதும் இப்படித்தான்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியத்தோடு இறப்பதும் உரிமை என்றது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள், இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு, குடும்பத்தின் ஒப்புதல், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். நமக்கு என்ன செய்ய வேண்டும், எது வேண்டாம் என்பதை நோட்டரி முன்னிலையில் முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். சிவகங்கைப் பெரியவரின் மகன்களிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டதெல்லாம், "எல்லாம் செய்யணுமா, வேணாமா?" எந்த மகன் வேண்டாம் என்பான்? "உங்கப்பா இப்ப பேசுற நிலையில இருந்தா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டிருந்தால் அவர்கள் தீர்ப்பு எழுத வேண்டியிருந்திருக்காது. அப்பாவின் வார்த்தையை நினைவுகூர்ந்தால் போதும்.

அந்தப் பக்கத்து நியாயம்

சிஸ்டர்களிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது எளிது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது நியதி. நான் பார்த்த ராத்திரிகளில் மூன்று பேருக்கு ஒருவர் இருந்ததும் உண்டு. 2002இல் 'ரமணா' வந்து, செத்த உடலுக்கு வைத்தியம் பார்த்துப் பணம் பறிக்கும் காட்சியைக் காட்டியதிலிருந்து, ஐ.சி.யூ. வாசலில் யாராவது ஒருவர் அந்தக் காட்சியைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தச் சந்தேகம் முழுக்கக் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பில் போடுகிறவர் ஏ.சி. அறையில் இருக்கிறார், கோபம் சிஸ்டர் மேல் விழுகிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீன் கிடைக்காத சட்டம் தமிழ்நாட்டில் 2008இலேயே வந்துவிட்டது. சட்டம் அடியைத் தடுக்கலாம். வாசலில் நின்று, "எங்கப்பாவை என்னடி பண்ணீங்க?" என்று கேட்பதைத் தடுக்க முடியாது.

அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். டாக்டர் குடும்பத்தோடு பேசும்போது நீங்கள் கூட இருப்பீர்களா? சிரித்தார். "எங்களை யாருடா கூப்புடுறா? அவரு உள்ள என்ன சொன்னாருன்னு இவங்களைக் கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

மருத்துவமனை நிர்வாகங்களும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் உடனே மாற்ற வேண்டியது இதைத்தான். குடும்பத்தோடு பேசும் அந்தச் சந்திப்பில் அந்த பெட்டின் செவிலியர் உட்கார வேண்டும். என்ன சொல்லப்பட்டது என்பது கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டு அடுத்த ஷிப்ட்டுக்குக் கைமாற வேண்டும். அந்த நேரம் டூட்டிக் கணக்கில் வர வேண்டும். அது நடக்கும்வரை, உள்ளே யாரையாவது படுக்க வைத்திருக்கிற நாமே காலைச் சந்திப்பில் கேட்கலாம்: "சிஸ்டரும் கூட இருக்கட்டுமே டாக்டர்."

கதவைத் திறந்து கூப்பிடும் சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட் நம்பரோடு எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.